பாதியில் நின்ற 76 மாடி: 2009ல் நியூயார்க் கட்டுமானச் சங்கங்கள் போட்ட பேரம்

2009 மார்ச்சில், கீழ் மன்ஹாட்டனில் புரூக்ளின் பாலம் வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கான்கிரீட் கோபுரம் பாதியில் நின்றது. திட்டப்படி 76 மாடி, 870 அடி. எழுந்திருந்தது ஏறக்குறைய பாதி. வடிவமைத்தவர் பிராங்க் கெரி. கட்டியது ஃபாரஸ்ட் சிட்டி ராட்னர் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம். அப்போது அதன் பெயர் பீக்மன் டவர். இன்று 8 ஸ்புரூஸ் தெரு என்ற முகவரியாலேயே அறியப்படுகிறது. வந்தவரை போதும், 40 மாடிக்குள் கூரை போட்டு முடித்துவிடலாமா என்று யோசிப்பதாக நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது.

இரண்டு மாதம் கழித்து, மே மாதக் கடைசியில், முழு 76 மாடியும் கட்டப்படும் என்று அதே நிறுவனம் அறிவித்தது. இடையில் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் கான்ட்ராக்டர்களும் உட்கார்ந்து ஒரு புதிய உடன்பாட்டை எழுதியிருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரத்தில் சங்கங்கள் வேலையை மீட்டுக் கொண்டுவந்த கதையாக இது அன்று பேசப்பட்டது. கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சங்கங்கள் எதைக் கொடுத்தன, எதை வாங்கின, அடுத்த பத்து ஆண்டுகளில் எது நிலைத்தது என்று கணக்குப் பார்த்தால் படம் அவ்வளவு எளிதாக இல்லை.

வேலை எப்படிக் காணாமல் போனது

அமெரிக்காவில் கட்டுமான வேலையில் இருந்தவர்கள் எண்ணிக்கை 2006ல் உச்சத்தைத் தொட்டது: சுமார் 77 லட்சம் பேர். 2011 தொடக்கத்தில் அது 54 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தொழிலில் பத்தில் மூன்று வேலை இல்லாமல் போயிற்று. 2010 பிப்ரவரியில் கட்டுமானத் தொழிலாளர்களிடையே வேலையின்மை 27 விழுக்காடு. குளிர்காலம் என்பதால் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் நாட்டின் மொத்த வேலையின்மையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

நியூயார்க் இந்தச் சரிவில் கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. புளோரிடாவும் நெவாடாவும் 2007லேயே தனி வீட்டுச் சந்தையில் அடிபட்டுவிட்டன. நியூயார்க்கில் அடுக்குமாடிக்கும் அலுவலகக் கோபுரத்துக்கும் பணம் தந்துகொண்டிருந்தது வால் ஸ்ட்ரீட். 2008 செப்டம்பர் 15ல் லேமன் பிரதர்ஸ் திவாலானதும் அந்தக் குழாய் ஒரே நாளில் அடைபட்டது போல ஆயிற்று. நகரின் கட்டுமான வேலைகள் 2008ல் 1.3 லட்சத்துக்கு மேல் இருந்தன. 2010ல் சுமார் 1.1 லட்சம். பாதியில் நின்ற மனைகளுக்கு நகரக் கட்டடத் துறை தனிப்பட்டியலே வைத்தது. 2010 வாக்கில் அந்தப் பட்டியல் 600ஐத் தாண்டியது. பள்ளம் தோண்டியதோடு விட்டவை, தூண் எழுப்பியதோடு விட்டவை, துருப்பிடிக்கும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தவை.

பீக்மன் டவரின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. இதற்குக் கடன் கிடைக்காமல் போகவில்லை. லேமன் கவிழ்வதற்கு முன்பே, 2008 தொடக்கத்தில், சுமார் 68 கோடி டாலர் கட்டுமானக் கடன் உறுதியாகிவிட்டது. அதில் ஒரு பகுதி, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கீழ் மன்ஹாட்டனை எழுப்புவதற்காக வரிவிலக்கோடு அனுமதிக்கப்பட்ட லிபர்ட்டி பத்திரங்கள் வழியே வந்த பணம். ஆக, பணம் இருந்தது. கவலையெல்லாம் வாடகையைப் பற்றித்தான். 900 வீடுகள், எல்லாமே வாடகைக்கு. 2007ல் போட்ட வாடகைக் கணக்கு 2009ல் நிற்கவில்லை. வாடகை இறங்கினால் செலவும் இறங்க வேண்டும். இரும்பு, சிமென்ட் விலை தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்காமல் நின்றது கூலி ஒன்றுதான்.

சங்கத்தின் கையில் என்ன இருந்தது

அடுத்து நடந்தது புரிய, சங்கம் சார்ந்த ஒரு நியூயார்க் கட்டுமானத் தளம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

காலையில் முச்சந்தியில் நின்று கூலிக்கு ஆள் பிடிக்கும் முறை அங்கே கிடையாது. இரும்பு கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், குழாய் வேலைக்காரர், மின்வேலைக்காரர், கிரேன் ஓட்டுபவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம். வேலையில்லாதவர் பெயர் சங்கத்தின் பட்டியலில் இருக்கும். கான்ட்ராக்டர் ஆள் கேட்டால் பட்டியல் வரிசையிலிருந்து அனுப்புவார்கள். கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், தளங்கள் மாறும்; தொழிலாளிக்கு நிலையாக இருப்பது சங்கம் ஒன்றுதான்.

மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதனால் சங்கத்தின் வழியாகவே வருகின்றன. 1947ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்படி, சங்கமும் முதலாளிகளும் சரிபாதியாக நிர்வகிக்கும் அறக்கட்டளை நிதிகள் இவை. ஒரு தொழிலாளி உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியோடு இன்னொரு தொகையைக் கான்ட்ராக்டர் இந்த நிதிகளுக்குக் கட்டுவார். குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருந்தால்தான் குடும்பத்துக்குக் காப்பீடு தொடரும்.

மந்தம் வரும்போது அடி இரட்டையாக விழுவது இங்கேதான். வேலை போனவர் கூலியை இழக்கிறார். மணி நேரம் சேராததால் கொஞ்ச நாளில் காப்பீட்டையும் இழக்கிறார். வேலையில் இருப்பவர்களும் தப்புவதில்லை. நிதிக்கு வரும் தொகை உழைத்த மணி நேரத்தைப் பொறுத்தது என்பதால், ஊர் முழுக்க மணி நேரம் குறைந்தால் எல்லோருடைய ஓய்வூதிய நிதியும் மெலிகிறது. 2008ல் பங்குச்சந்தையும் சேர்ந்து விழுந்து, நிதியின் முதலீடுகளும் அடிபட்டிருந்தன. எனவே சங்கத் தலைவர்களுக்கு 2009ல் மிக அவசரமாகத் தேவைப்பட்டது உழைப்பு மணி நேரம். கூலி விகிதம் அடுத்தபடியாகத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். சங்கங்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் பேச்சுக்கு வந்தன என்று பிறகு வியப்பார்கள்.

விட்டுக்கொடுக்கச் சங்கங்களிடம் என்ன இருந்தது? கூலி உயர்வு ஒன்று. அதைவிடப் பெரியது வேலை விதிகள். பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாகப் பேசி வாங்கிய விதிகள் தளத்தில் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. ஒரு தொழிலுக்கு ஏழு மணி நேர நாள், இன்னொன்றுக்கு எட்டு. ஒருவர் விடுமுறை மற்றவருக்கு விடுமுறையில்லை. இரும்பு கட்டுபவர்கள் வராத நாளில் கான்கிரீட் ஊற்றுபவர்கள் சும்மா நிற்க வேண்டும், ஆனால் சம்பளம் உண்டு. தானாக ஓடும் எந்திரத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. இவற்றில் சில பாதுகாப்புக்காக வந்தவை. சில வேலையைப் பங்கிட வந்தவை. எது எந்த வகை என்பதில் கான்ட்ராக்டரும் சங்கமும் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.

மே மாத உடன்பாடு

பேச்சு பீக்மன் டவர் என்ற ஒரு கட்டடத்தோடு முடியவில்லை. ஒரு பக்கம் நியூயார்க் பெருநகரக் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் கூட்டு மன்றம். மறுபக்கம் சங்கத் தொழிலாளரை அமர்த்தும் கான்ட்ராக்டர்களின் அமைப்பான பில்டிங் ட்ரேட்ஸ் எம்ப்ளாயர்ஸ் அசோசியேஷன், அதன் தலைவர் லூயிஸ் கோலெட்டி. பாதியில் நின்ற அல்லது தொடங்காமல் கிடக்கும் தனியார் திட்டங்களை மீண்டும் நடக்க வைக்க ஒரு பொது ஏற்பாடு செய்தார்கள். அதன் வடிவம் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம். ஒரு கட்டடத்துக்கு மட்டும், அது முடியும்வரை மட்டும், எல்லாத் தொழில்களின் சங்கங்களும் ஒரே தாளில் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது.

உள்ளடக்கத்தின் சாரம்: எல்லாத் தொழிலுக்கும் ஒரே எட்டு மணி நேர நாள், விடுமுறைகள் ஒரே மாதிரி, வேலை தொடங்கும் நேரத்தில் நெகிழ்வு, தேவைக்கு மேல் ஆள் நிறுத்தும் சில விதிகளுக்கு விடுப்பு, வேலைநிறுத்தம் கிடையாது. சில தொழில்கள் கூலியிலும் இறங்கிவந்தன அல்லது உயர்வை நிறுத்திவைத்தன. கான்ட்ராக்டர்களும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கடைசி அம்சம் இல்லாமல் மற்றவை நடந்திருக்காது என்பது என் எண்ணம். மேலே லாபம் அப்படியே இருக்க, கீழே கூலி மட்டும் இறங்கு என்று சொன்னால் எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஓட்டு விழாது.

பீக்மன் டவரில் கிரேன் மீண்டும் சுழன்றது. 2011 தொடக்கத்தில் முதல் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். நியூயார்க்கில் அப்போது அதைவிட உயரமான குடியிருப்புக் கட்டடம் இல்லை. அடியில் செங்கல் முகப்போடு இருக்கும் ஐந்து மாடிப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளி. மேலே நெளிநெளியாக இறங்கும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை ஒன்று போல் இன்னொன்று இல்லாதவை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தியதும் சங்கத் தொழிலாளர்கள்தான்.

மிரட்டலா, நிஜமா?

பாதிக் கோபுரத்தோடு நிறுத்துவோம் என்பது எவ்வளவு உண்மை?

கட்டுமானம் தெரிந்தவர் யாரும் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 76 மாடியைத் தாங்கும் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கீழ் மாடித் தூண்களின் பருமனும், லிஃப்ட் குழிகளின் எண்ணிக்கையும் 76 மாடிக்குக் கணக்கிட்டவை. அந்தச் செலவு இனித் திரும்பாது. அதிக வாடகை வருவதோ ஆற்றையும் பாலத்தையும் பார்க்கும் மேல் மாடிகளில். கீழே செலவழித்துவிட்டு மேலே சம்பாதிக்காமல் விடுவது விசித்திரமான கணக்கு. பாதியில் நிறுத்தினால் தொழிலாளிக்கு நட்டம். நிறுவனத்துக்கும் அதே அளவுக்கு, ஒருவேளை அதைவிட அதிகமாகவே, நட்டம்.

அதற்காக வெறும் மிரட்டல் என்றும் தள்ளிவிட முடியாது. 2009 மார்ச்சில் வாடகை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஃபாரஸ்ட் சிட்டியின் தாய் நிறுவனம் நாடு முழுக்கக் கடன் சுமையில் இருந்தது. புரூக்ளினில் அட்லாண்டிக் யார்ட்ஸ் என்ற மாபெரும் திட்டமும் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. கையிலிருக்கும் பணத்தைக் காப்பாற்ற, நீண்டகால லாபத்தைத் தியாகம் செய்யும் நிலையில் நிறுவனங்கள் இருந்த நேரம் அது. ஆகவே மிரட்டலில் பாதி நிஜம் இருந்தது. நல்ல பேரக்காரர்கள் அப்படித்தான் மிரட்டுவார்கள்.

சங்கங்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அஞ்சியது ராட்னரையல்ல என்றே நினைக்கிறேன். ஊருக்குள் வேறு ஒரு போட்டியாளர் வளர்ந்துகொண்டிருந்தார்: சங்கம் சாராத கான்ட்ராக்டர். 1970களில் நியூயார்க்கில் உயரமான கட்டடம் என்றால் சங்க வேலை என்றே பொருள். 2000களின் ஏற்றத்தில் புரூக்ளின், குயின்ஸ் பக்கம் எழுந்த நடுத்தர உயர அடுக்குமாடிகளைச் சங்கம் சாராத நிறுவனங்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்த தொழிலாளரை வைத்து, கட்டப் பழகிவிட்டன. மந்தம் முடிந்து பணம் திரும்பும்போது யார் கையில் கட்டுமானத்தைக் கொடுப்பார்கள்? மே 2009 உடன்பாட்டின் உண்மையான முகவரி இந்தக் கேள்விதான். சங்கத்தோடும் மலிவாகக் கட்டலாம் என்று பில்டர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

நகராட்சியோடு ஓர் ஒப்பந்தம்

தனியார் திட்டங்களில் நடந்ததைவிட, அதே ஆண்டு நவம்பரில் நகர நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அளவில் பெரியது. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மூன்றாவது முறை ஜெயித்த சில வாரங்களுக்குள், தொழிற்சங்க மன்றத் தலைவர் கேரி லாபார்பெராவோடு சேர்ந்து அறிவித்தார். 2014 வரையிலான சுமார் 530 கோடி டாலர் பொதுப்பணிகள் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தங்களின் கீழ் வரும். நகரத்துக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் மிச்சமாகும். அந்த மிச்சத்தால் கூடுதல் வேலைகள் உருவாகும் என்றார்கள்.

இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான விஷயம். எட்டு மணி நேர நாளும் ஒரே விடுமுறையும் ஒரு பங்கு. இன்னொரு பங்கு விக்ஸ் சட்டம் என்ற பழைய நியூயார்க் மாநிலச் சட்டத்திலிருந்து வந்தது. பொதுக் கட்டடம் கட்டும்போது குழாய் வேலை, மின்வேலை, வெப்பம்-காற்றோட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒப்பந்தம் விட வேண்டும் என்கிறது அது. ஒரு கட்டடத்துக்கு நாலு கான்ட்ராக்டர். ஒருவர் தாமதத்துக்கு இன்னொருவர் மேல் பழி. நகராட்சிகள் பல ஆண்டுகளாக முறையிட்ட சட்டம் இது. 2008ல் மாநில அரசு திருத்தியபோது, இந்த விதி பொருந்தத் தொடங்கும் தொகை வரம்பை நியூயார்க் நகரத்துக்கு 30 லட்சம் டாலராக உயர்த்தியதோடு, திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் இருந்தால் விக்ஸ் விதியிலிருந்து விலக்கு உண்டு என்றும் சேர்த்தது.

சங்கத்துக்கு இதைவிட நல்ல சீட்டு வாய்த்திருக்க முடியாது. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டால் நகரத்துக்கு ஒரு பெரிய தலைவலி தீர்கிறது. அதாவது, கூலியில் அதிகம் இறங்காமலேயே சங்கத்தால் நகரத்துக்கு மிச்சம் காட்ட முடிந்தது. ராட்னரோடு பேசும்போது சங்கம் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நகரத்தோடு பேசும்போது சட்டத்தின் ஒரு சிக்கலை அவிழ்த்துக் கொடுத்தது. இரண்டுக்கும் விலை வேறு.

எதிர்ப்பும் வந்தது. இந்த ஒப்பந்தங்களின் கீழ் யார் வேண்டுமானாலும் டெண்டர் போடலாம். ஆனால் வேலை கிடைத்தால், தன் சொந்த ஆட்கள் சிலரைத் தவிர மற்றவர்களைச் சங்கப் பட்டியல் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வேறு சங்கத்தோடோ சங்கமே இல்லாமலோ தொழில் நடத்தியவர்களுக்கு இது கதவடைப்பு மாதிரி. மின்வேலைக் கான்ட்ராக்டர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2012ல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பாஸ்டன் துறைமுகச் சுத்திகரிப்பு வழக்கில் 1993ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் அடிப்படை: அரசு சட்டம் போடும் இடத்தில் இல்லாமல், தன் சொத்தைக் கட்டிக்கொள்ளும் வாடிக்கையாளராக நிற்கும்போது, தனியார் உரிமையாளர் செய்யக்கூடிய ஒப்பந்தத்தை அதுவும் செய்யலாம்.

வாஷிங்டனிலிருந்தும் காற்று சாதகமாக வீசியது. ஒபாமா பதவியேற்ற மூன்றே வாரத்துக்குள், 2009 பிப்ரவரி 6ல், 2.5 கோடி டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களில் இத்தகைய ஒப்பந்தங்களை ஊக்குவிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். புஷ் 2001ல் போட்ட தடை அதோடு போயிற்று. அதே மாதம் 78,700 கோடி டாலர் மீட்புச் சட்டம் வந்தது. கேட்க மலைப்பாக இருந்தாலும், அதில் பெரும்பங்கு வரிக்குறைப்பும் மாநிலங்களுக்கான உதவியும்தான். போக்குவரத்துத் துறைக்குக் கிடைத்தது 4,800 கோடி டாலர். அதிலிருந்து கீழ் மன்ஹாட்டனின் ஃபுல்டன் தெரு ரயில் நிலையத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் வந்தது, பீக்மன் டவரிலிருந்து நடந்து போகும் தூரத்தில். 2009க்கும் 2011க்கும் இடையில் நியூயார்க் கட்டுமானத் தொழிலாளியைத் தாங்கிப் பிடித்தவை பெரும்பாலும் இத்தகைய பொதுப்பணிகளே: உலக வர்த்தக மைய மனை, இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில், பள்ளிகள், தண்ணீர்ச் சுரங்கம். பாதியில் நின்ற தனியார் கோபுரத்தை மீட்டது செய்தியானது. சாப்பாடு போட்டது சுரங்கம்.

தொழிலாளியின் சேமிப்பு முதலாளியாகும்போது

இதே காலத்தில் சங்கங்கள் இன்னொரு வழியையும் கையாண்டன. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் ஓய்வூதிய நிதிகள் பெரும் முதலீட்டாளர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில் அவர்களுக்குக் குரல் உண்டு. ஏஎஃப்எல்-சிஐஓ என்ற தேசியக் கூட்டமைப்பு, ஜார்ஜ் மீனி தலைவராக இருந்த 1960களிலேயே இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது. 1980களிலிருந்து அது வீட்டு முதலீட்டு அறக்கட்டளை என்ற பெயரில் இயங்குகிறது. சங்க ஓய்வூதிய நிதிகளின் பணத்தைத் திரட்டி, பெரும்பாலும் அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக் கடன் பத்திரங்களில் போடும். ஒரே ஒரு கூடுதல் நிபந்தனை: அது நேரடியாகப் பணம் தரும் கட்டுமானம் முழுவதும் சங்கத் தொழிலாளரால் நடக்க வேண்டும்.

2009ல் இந்த அறக்கட்டளை கட்டுமான வேலை முயற்சி ஒன்றைத் தொடங்கியது. 10,000 சங்க வேலைகள் உருவாக்குவது முதல் இலக்கு, பிறகு இலக்கை உயர்த்தினார்கள். வங்கிகள் கையை மடக்கிக்கொண்டிருந்த நேரம் என்பதுதான் இதன் சாமர்த்தியம். ஏற்றக் காலத்தில் நிபந்தனையோடு வரும் பணத்தை எந்த பில்டரும் மதிக்க மாட்டார். நிபந்தனையில்லாத பணம் வரிசையில் நிற்கும். மந்த காலத்தில் வேறு பணமே இல்லை. அப்போது சங்க நிபந்தனை அவருக்குப் பாரமாகத் தெரியாது.

2011 ஜூனில், முன்னாள் அதிபர் பில் கிளின்டன் தொடங்கிய கிளின்டன் குளோபல் இனிஷியேட்டிவ் அமைப்பின் கூட்டத்தில், ஏஎஃப்எல்-சிஐஓவும் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து ஐந்தாண்டில் 1,000 கோடி டாலர் ஓய்வூதியப் பணத்தை உள்கட்டமைப்பிலும் எரிசக்திச் சிக்கனப் பணிகளிலும் போட வழி செய்வதாக உறுதி சொன்னார்கள். 2014லேயே இலக்கைத் தொட்டதாக அறிவித்தார்கள். இதில் எவ்வளவு பணம் எப்படியும் அங்கே போயிருக்கும், எவ்வளவு இந்த உறுதிமொழியால் போனது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஓய்வூதிய நிதியின் பொறுப்பாளர் சட்டப்படி முதலில் வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நல்லதும்கூட. வேலை தருகிறது என்பதற்காக நட்டக் கட்டடத்தில் போட்டால், இன்றைய தொழிலாளியின் கூலியை நாளைய முதியவரின் பையிலிருந்து கொடுத்ததாகிவிடும்.

ராட்னரோடு நடந்த பேரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒரு சலுகையைக் கொடுத்தால் அது அந்தக் கட்டடத்தோடு தீர்ந்துபோகிறது. அடுத்த பில்டர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். கடனாகக் கொடுத்த பணம் நிபந்தனையோடு போகிறது, வட்டியோடு திரும்புகிறது, மறுபடி நிபந்தனையோடு போகிறது. அளவில்தான் குறை: ஒரு நகரத்தின் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் சங்க நிதிகளால் நேரடியாக இறக்க முடிந்தது சிறு பங்கு.

பிறகு நடந்தவை

மே 2009ன் சலுகைகள் சங்கத்தின் இடத்தைக் காப்பாற்றினவா? நாடளவில் கட்டுமானத் தொழிலாளர்களில் சங்க உறுப்பினர் விகிதம் 2008ல் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல், 2012ல் 13. நியூயார்க்கில் இந்த விகிதம் எப்போதும் இதைவிட அதிகம்தான், ஆனால் போக்கு அதே திசையில். 2010களின் ஏற்றத்தில் மன்ஹாட்டனிலேயே உயரமான குடியிருப்புகள் சங்கம் இல்லாமல் எழுந்தன.

ராட்னர் நிறுவனத்தின் அடுத்த திட்டம் இதற்கு நல்ல உதாரணம். புரூக்ளினில் பார்க்லேஸ் சென்டர் அரங்கத்துக்குப் பக்கத்தில் 32 மாடி வாடகைக் குடியிருப்பு. இந்த முறை களத்தில் கட்டுவதற்குப் பதில், புரூக்ளினின் முன்னாள் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு தொழிற்சாலை வைத்து, அறை அறையாகச் செய்து, கொண்டுபோய் அடுக்கும் திட்டம். தொழிற்சாலையும் சங்கம் சார்ந்ததுதான். சங்க மன்றம் இதற்கென ஒப்பந்தம் போட்டது. ஆனால் தொழிற்சாலைக் கூலி களக் கூலியைவிடக் குறைவு. தொழில்களுக்கு இடையிலான எல்லைகளும் தளர்த்தப்பட்டன. 2009ல் விடுமுறையையும் வேலை நேரத்தையும் விட்டுக்கொடுத்த சங்கம், மூன்றே ஆண்டில் களத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வந்துவிட்டது. 2012 டிசம்பரில் தொடங்கினார்கள். அறைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதிலும் தண்ணீர்க் கசிவிலும் சிக்கல். 2014ல் கட்டுமான நிறுவனமான ஸ்கான்ஸ்காவும் ஃபாரஸ்ட் சிட்டியும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு வேலை நின்றது. திறந்தது 2016 நவம்பரில். மலிவாக, சீக்கிரமாக என்று தொடங்கியது, சாதாரணமாகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் காலத்தைவிட அதிகம் எடுத்துக்கொண்டது. இந்தத் தோல்விக்குச் சங்கம் காரணமில்லை. ஆனால் சங்கம் கொடுத்த சலுகை யாருக்கும் உதவாமல் போயிற்று.

மன்ஹாட்டனின் மேற்கே ஹட்சன் யார்ட்ஸ் என்ற பெரும் கட்டுமான மனையில் 2017லிருந்து 2019 வரை நடந்த மோதல் இன்னும் வெளிப்படையானது. முதல் கட்டத்தைச் சங்கத் தொழிலாளரோடு கட்டிய ரிலேட்டட் நிறுவனம், அடுத்த கட்டத்தில் சங்கம் சாராதவர்களையும் சேர்க்க முனைந்தது. தெருவில் ஊர்வலங்கள், நீதிமன்றத்தில் வழக்குகள். 2019 மார்ச்சில், ஹட்சன் யார்ட்ஸ் திறப்பு விழாவை ஒட்டி, சமாதானம் ஆயிற்று. பத்தாண்டுக்கு முன்னால் வெறும் அச்சமாக இருந்த போட்டி, அப்போது நகரின் மிகப் பெரிய தனியார் மனைக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் நியூயார்க் சங்கங்கள் தங்கள் கவனத்தை வேறு இடத்துக்கு மாற்றியதைப் பார்க்கிறேன். தனியார் பில்டருக்குக் கூலியில் சலுகை தருவதை விட்டு, பில்டருக்கு அரசு தரும் சலுகையின் மேல் கை வைத்தார்கள். நியூயார்க்கில் வாடகைக் குடியிருப்பு கட்டுபவர்கள் பல பத்தாண்டுகளாக 421-ஏ என்ற சொத்துவரி விலக்கை நம்பியிருந்தார்கள். 2015ல் அதைப் புதுப்பிக்கும்போது, கட்டுமானக் கூலி பற்றிச் சங்கமும் ரியல் எஸ்டேட் தரப்பும் உடன்பட்டால்தான் தொடரும் என்று மாநில அரசு நிபந்தனை வைத்தது. உடன்பாடு வரவில்லை; 2016 ஜனவரியில் விலக்கு காலாவதியாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். 300 வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடங்களில், மன்ஹாட்டனில் 96ஆம் தெருவுக்குத் தெற்கே, காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றையும் சேர்த்துச் சராசரிக் கூலி மணிக்கு 60 டாலர். புரூக்ளின், குயின்ஸ் ஆற்றங்கரையில் 45 டாலர். சங்கத் தொழிலாளரைத்தான் எடுக்க வேண்டும் என்று இதில் இல்லை. ஆனால் சங்கம் சாராதவருக்கும் இந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்றால், அவரை எடுப்பதில் இருந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. 2009ல் சங்கம் தன் கூலியை இறக்கிப் போட்டியாளரை நெருங்கப் பார்த்தது. இப்போது போட்டியாளரின் கூலியை ஏற்றித் தன் பக்கம் இழுத்தது. என் மதிப்பில் இந்த இரண்டாவது வழிதான் கெட்டிக்காரத்தனம்.

அந்த விலக்கும் 2022ல் காலாவதியாகி, 2024ல் 485-எக்ஸ் என்ற புதியது வந்தது. 100 வீடுகளும் அதற்கு மேலும் இருந்தால் மணிக்குக் குறைந்தது 40 டாலர் கூலி. விலை உயர்ந்த பகுதிகளில் பெரிய கட்டடங்களுக்கு இன்னும் அதிகம். சட்டம் வந்த சில மாதங்களில் நகரக் கட்டடத் துறைக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு புதிய பழக்கம் தென்பட்டது. புரூக்ளின், குயின்ஸ், பிரான்க்ஸ் என்று எங்கு பார்த்தாலும் ஒரே எண்ணிக்கையில் புதிய அடுக்குமாடிகள்: கட்டடத்துக்குச் சரியாக 99 வீடுகள்.